உப்புப் போடாத கறுப்பு

பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைக் கறையாக்கியவன் நான்தான். எட்வின் அல்ல.

எவ்வளவு சிறிய வாக்கியம், பார்த்தீர்களா! இதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் கண்ணெதிரே நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில், மாலை வேளைகளில் ஐந்தாறு பையன்கள் கறுப்புச் சட்டையோடு கம்பியில் சாய்ந்து நிற்பார்களே... முன்முடி வழிந்து ஒரு கண்ணை மறைத்திருக்கும். மற்ற கண்ணில் மை. 'காக்கா கூட்டம்' என்று ஊரே பெயர் வைத்திருந்தது. அந்தக் காக்கைகளில் ஒன்று நான்.

எங்களைப் பற்றி நீங்கள் நினைத்ததும் எனக்குத் தெரியும். கஞ்சா அடிப்பவர்கள்... சாத்தானைக் கும்பிடுகிறவர்கள்... வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள்! மேம்பாலத்தடியில் பூ விற்ற அம்மா எங்கள் காதில் விழும்படியே சொல்வாள்: "மைய வெச்சிகினு நிக்குதுங்க பாரு. ஆம்பளயா பொம்பளயா ஒண்ணும் பிரியல."

உண்மையில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மிளகாய் பஜ்ஜி தின்றோம். ஒரே இங்கிலீஷ் காசெட்டை ஆளுக்கு ஆள் பதிவு செய்து கொடுத்ததில், என் கைக்கு வரும்போது பாட்டைவிட இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டது. வரிகளில் பாதி புரியாது. பாடுகிறவன் துக்கத்தில் இருக்கிறான் என்பது மட்டும் புரியும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

என் துக்கம் ஒத்திகை பார்த்த துக்கம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை உள்ளே இழுத்து, எந்தக் கோணத்தில் நின்றால் அதிக சோகமாகத் தெரிவேன் என்று பார்த்துக்கொள்வேன். அப்பா சம்பாதித்துக் கொண்டுவந்தார், அம்மா மூன்று வேளையும் வடித்துப் போட்டாள். எனக்கு என்ன குறை?

குறை ஒன்று இருந்தது. இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குள் நான் நானாக இருக்க முடியாது. அப்பா எங்கள் தேவாலயத்தின் சபைக் கமிட்டியில் முக்கியமானவர். நான் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். காலையில் எண்ணெய் தடவி முன்முடியைப் பின்னால் வாரிவிட்டால் நான் சாம், நல்ல பிள்ளை. மாலையில் சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவி, அதே முடியைக் கண்ணில் இழுத்துவிட்டால் வேறொருவன். வாரக்கணக்கில் வளர்த்த அந்த முடி எண்ணெய்க்குள் ஒளிந்திருந்தது யாருக்கும் தெரியாது.

எட்வினுக்கு அந்த வேஷமெல்லாம் கிடையாது. பள்ளிக்கும் அதே முடி, கோயிலுக்கும் அதே முடி. அவன் அப்பா எப்போதோ வீட்டைவிட்டுப் போய்விட்டார். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டி அவனும் அவன் அம்மாவும் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். மேரியம்மா பகலில் நாலு வீட்டு வேலை பார்ப்பார். எங்கள் கோயிலைக் கூட்டித் துடைப்பதும், பாடகர் அங்கிகளைத் துவைத்து இஸ்திரி போடுவதும் அவர்தான்.

நான் உடை மாற்றுவது அவர்கள் வீட்டில். எங்கள் வீட்டில், எட்வினோடு சேர்ந்து கணக்குப் பாடம் படிக்கப் போகிறேன் என்பேன். மேரியம்மாவிடம், எட்வினுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தேன் என்பேன். அந்த அம்மா அதை நம்பி எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். என் கறுப்புச் சட்டை அவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பையில் கிடந்தது.

கறுப்புச் சட்டை வாங்க எங்களிடம் காசு ஏது? பழைய வெள்ளைச் சட்டைகளை நாங்களே சாயம் போட்டோம். ஓட்டை அலுமினியச் சட்டியை ஈயம் வைத்து அடைத்து, தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சாயப்பொடியோடு ஒரு கை கல்லுப்பு போட வேண்டும். பிறகு பொறுமையாக ஊறவிட வேண்டும். உப்புதான் சாயத்தைத் துணியில் பிடித்து வைக்கும். எட்வின் இதில் கெட்டிக்காரன். அவன் சட்டை எத்தனை வெயிலிலும் சாயம் விட்டதில்லை.

அந்த வருடம் ஈஸ்டர் வாரத்தில், பெரிய வியாழனுக்கு முந்தைய நாள், வெளுத்துப்போன என் சட்டைக்கு மறுபடி சாயம் போட்டோம். அவர்கள் வீட்டில் உப்பு தீர்ந்திருந்தது. "இர்றா, கடைக்குப் போய் வாங்கினு வரேன்" என்றான் எட்வின். எனக்கு அவசரம்! நேரத்துக்கு வீட்டில் இல்லாவிட்டால் அப்பா கேள்வி கேட்பார். உப்பில்லாமலே முக்கி, ஊறுமுன்னே எடுத்து, கையாலேயே பிழிந்து காயப்போட்டேன்.

"இது நிக்காதுடா, வேர்வை பட்டா வுட்டுடும்" என்றான் எட்வின்.

"பரவால்ல" என்றேன். பரவாயில்லையாம்!

மறுநாள் மாலை ஏரிக்கரையில் கூட்டம் கூடுவதாக ஏற்பாடு. பல்லாவரத்திலிருந்து ஒருவன் கிட்டாரோடு வருகிறான் என்றார்கள். நானும் கொண்டுவருகிறேன் என்று வாயைவிட்டுவிட்டேன். கிட்டார் கோயிலின் பாடகர் அறையில் இருந்தது. அறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று என்னிடம், இன்னொன்று மேரியம்மாவிடம்.

எட்வின் சைக்கிளோடு வாசல் கேட்டருகே நின்றான். நான் உள்ளே போனேன். ஏப்ரல் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த உடம்பு, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கரண்ட் இல்லை. ஜன்னல் மூடிய அறையில், ஈஸ்டருக்காகத் துவைத்துக் கொடியில் தொங்கிய அங்கிகளை இரண்டு கையாலும் தோளாலும் விலக்கிக்கொண்டு, மூலையிலிருந்த கிட்டாரைத் துழாவி எடுத்தேன். திரும்பக் கொண்டுவந்து வைத்தபோதும் அதே வழிதான், அதே சட்டைதான்.

ஒன்றும் தெரியவில்லை எனக்கு. சத்தியமாகத் தெரியவில்லை... அதுவரை நான் குற்றவாளி இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் ஓர் அற்ப ஆறுதல்!

சனிக்கிழமை காலை இஸ்திரி போடப் போன மேரியம்மாதான் முதலில் பார்த்தார். வெள்ளை அங்கிகளில் கறுப்புக் கறுப்பாகக் கை, தோள், முதுகு பதிந்த தடங்கள். அவர் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். நல்லதென்று நினைத்து வெந்நீரில் முக்கினார். கறை இன்னும் பரவியது.

'சாத்தான் வேலை' என்றார் ஒருவர். பூட்டு உடையவில்லை என்றார் இன்னொருவர். வியாழக்கிழமை மாலை கேட்டருகே எட்வின் கறுப்புச் சட்டையோடு நின்றதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தார். அப்புறம் என்ன? அம்மாவின் சாவியை மகன் திருடியிருக்கிறான்! அந்த முடியும் அந்த மையும் போதாதா சாட்சிக்கு?

அப்பா என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "சாவி உன்கிட்டதானே இருந்தது, சாம்?"

"ஆமா டாடி. வீட்டை விட்டு எடுக்கவே இல்ல."

என் குற்றம் அந்த இடத்தில் பிறந்தது. அப்பா மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் வாரிய தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் சந்தேகப்பட்டு ஒரு அறை விட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேனோ? தெரியவில்லை. பழியை அவர்மேல் போடப் பார்க்கிறேன், பாருங்கள்.

எட்வினை அழைத்து வந்தார்கள். அவன் அங்கிகளைப் பார்த்தான். பார்த்த நொடியில் அவனுக்கு விளங்கிவிட்டது. உப்புப் போடாத கறுப்பு அந்த ஊரிலேயே ஒரே ஒரு சட்டையில்தான் இருந்தது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீயா செஞ்ச?" என்றார் போதகர்.

அவன் அங்கிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, போலீசுக்குலாம் போவாதீங்கையா. இவன் முடிய வெட்டி வுடுங்க. அந்த முடிதான் எம்புள்ளைய கெடுத்துச்சு." பிறகு மகன் பக்கம் திரும்பி, "கோயில் துணிடா! உன் அம்மா கையால தொவச்ச துணிடா! உனுக்கு எப்டிடா மனசு வந்துச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு எட்டு நடந்து அந்த அம்மாவின் முன்னால் நின்றிருக்கலாம். கால் நகரவில்லை. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் போதகர், சுற்றிலும் என்னை நல்ல பிள்ளை என்று நம்பிய கண்கள். எங்கே திரும்பினாலும் சுவராக இருந்தது எனக்கு.

முடி திருத்துபவரை வரவழைத்து, கோயில் வளாகத்து வேப்ப மரத்தடியில் முக்காலி போட்டார்கள். எட்வின் தலையை ஆட்டாமல் இருக்க யாராவது பிடிக்க வேண்டுமாம். அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ போய் பிடிடா. நீ சொன்னா கேட்பான்."

போனேன். பிடித்தேன்! பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் அவன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஆடவே இல்லை. பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கத்தரிக்கோல் ஓட ஓட அவன் முடி என் மணிக்கட்டில் விழுந்தது.

திடீரென்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, உதடு அசையாமல் சொன்னான்.

"விரல மடக்கிக்கோடா. நகத்துல கறுப்பு கீது."

குனிந்து பார்த்தேன். சட்டையைக் கையால் பிழிந்த சாயம், பத்து நகக்கண்ணிலும் அப்படியே இருந்தது. அவன் கண்ணுக்கு நேரே! கிட்டாரும் அங்கியும் இல்லாத பெரிய வெள்ளி ஆராதனை முழுவதும் பாட்டுப் புத்தகத்துக்குள் மறைத்திருந்த விரல்களை, இப்போது ஊர் பார்க்க நீட்டிக்கொண்டிருந்தேன்.

மடக்கிக்கொண்டேன்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். பொய் சொன்னதைக்கூட யாரோ மன்னிக்கலாம். ஆனால் முடி கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவன் எனக்காகப் பயந்தான். அந்தப் பயத்தையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றே மேரியம்மாவிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். சில வாரங்களில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். போகுமுன் என் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்த மேரியம்மா, என் கன்னத்தைத் தொட்டு, "நீ சொல்லிக்குடுத்தும் அவன் உருப்படல கண்ணு" என்றார். அவர் போட்டுக் கொடுத்த டீயெல்லாம் எனக்கு நெஞ்சுவரை வந்தது.

அதற்குப் பிறகு என் முடி நீளவில்லை. நானே மாதம் தவறாமல் போய் ஒட்ட வெட்டிக்கொண்டேன். ஊர் பாராட்டியது. கூடாதவனோடு பழகியும் கெடாத பிள்ளை என்று என்னைப் பாடகர் குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் என் கதவில் ஒரு பூட்டு கூடியது. புதிதாகத் தைத்த வெள்ளை அங்கியை முதன்முதலில் எனக்குத்தான் போட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் எட்வினை ஒருமுறை பார்த்தேன். குரோம்பேட்டையில் என் மின்சார ரயில் நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, நடைமேடையில், வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, தோளில் விற்பனைப் பை. ஒட்ட வெட்டிய முடி. அவன்தான் என்னைக் கண்டுகொண்டு ஜன்னலருகே வந்தான்.

"சாமு! எப்டிடா கீற?"

நான் மேரியம்மாவை விசாரித்தேன்.

"போன வருசம் பூட்டாங்கடா. கடைசி வரிக்கும் அந்தத் துணியத்தான் சொல்லிகினு இருந்தாங்க. எம் மேல கோவம் தீரவே இல்ல."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "நீ ஏன்டா அவங்க கிட்டகூட சொல்லல?"

அவன் யோசித்தான். கோபமில்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீயே வந்து சொல்லுவன்னு நெனச்சிகினு இருந்தேன்டா."

ரயில் கிளம்பிவிட்டது. என்னால் இறங்கியிருக்க முடியும். வேகம் பிடிக்க நேரம் இருந்தது. நான் தாம்பரம் வரை உட்கார்ந்தே வந்தேன்.

யாரிடம் சொல்வது இனி? கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்... உங்களிடம் சொல்வது சுலபம், நீங்கள் மேரியம்மா இல்லை!

ஞாயிறுதோறும் ஜெபத்தில் எல்லோரும் விரல் நீட்டிக் கைகூப்புகிறார்கள். எனக்கு விரல் நீளுவதில்லை. முஷ்டியை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். "எவ்வளவு பாரத்தோட ஜெபிக்கிறார் பாருங்க" என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

நகங்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. தினமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, மடக்கிக்கொள்கிறேன்.