ஏட்டு முருகையனின் இருமல்

லத்தியை ஓங்குவதற்கு முன்னால் முருகையன் ஒரு முறை இருமுவார். சளி இருமல் அல்ல, தொண்டையைக் கனைத்து "க்கும்" என்று ஒன்று. கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும். இருமல் கேட்டதும் உடம்பை ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். லத்தி பின்சீட்டில் படாரென்று இறங்கும்போது, அடி வாங்கியவன் போல அலற வேண்டும். அவ்வளவுதான் சட்டம் ஒழுங்கு.

ஆள் பார்க்க பயங்கரமாகத்தான் இருப்பார். கதவை அடைத்து நிற்கும் உடம்பு, காதைத் தொடப் பார்க்கும் மீசை, தூங்கும்போதும் யாரையோ அதட்டுவது போன்ற முகம். ஆனால் அந்த லத்தி மனிதத் தோலைத் தொட்டதில்லை. தகரத் தடுப்பு, தார்ப்பாய், கரும்புச்சாறு வண்டியின் டிரம், ஆட்டோ சீட்டு என்று சத்தம் தரக்கூடிய எதையும் அது விட்டுவைத்ததுமில்லை. "அடி கம்மி, சத்தம் ஜாஸ்தி. அதான் நம்ம டூட்டி" என்பார். எதில் அடித்தால் எப்படிக் கேட்கும் என்று அவருக்கு அத்துப்படி. ரெக்சின் சீட்டின் சத்தம்தான் முதுகில் விழும் அடியின் சத்தத்துக்கு மிக அருகில் வருமாம்.

இருமாமல் அடிக்கிற கைகளையும் ஊர் பார்த்திருக்கிறது. அதனால்தான் இவருடைய சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் நம்பியது. அதில் ஊரின் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நாடகத்தில் அவருக்குப் பிடித்த ஜோடி ஆட்டோ காசிம். காசிமின் வண்டி கிழடு. பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவில், செங்கம் ரோட்டுப் பக்கம் வந்ததும் தவறாமல் உயிரை விட்டு நின்றுவிடும். உடனே இன்ஸ்பெக்டர் எங்கிருந்தோ, "யோவ் ஏட்டு, நாலு போடுய்யா அவன" என்பார். ஒரு தள்ளு தள்ளினால் நகரக்கூடிய வண்டிதான். ஆனால் போடச் சொல்லித்தான் உத்தரவு, தள்ளச் சொல்லி அல்ல. முருகையன் இருமுவார், சீட்டில் போடுவார். காசிம் அலறுவதைக் கேட்க வேண்டும். அடிவயிற்றில் ஆரம்பித்து, நடுவில் ஒரு விக்கல் வைத்து, "அய்யோ ஏட்டய்யா, புள்ளகுட்டிக்காரன்" என்று முடிப்பார். ஒருநாள் டீ குடிக்கும்போது முருகையனே கேட்டுவிட்டார்: "இன்னா பாய், நெஜமாவே படுதா?"

"சீட்டுக்குப் படுது ஏட்டய்யா. அதுக்கும் சேத்துதான் கத்துறேன்" என்றார் காசிம்.

இரண்டு பௌர்ணமிக்கு முன்னால் யாரோ ஒரு மாடியிலிருந்து இதை செல்போனில் படம் பிடித்துவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் ஆட்டோவின் கூரை தெரியும், ஏறி இறங்கும் லத்தி தெரியும், அலறல் நன்றாகக் கேட்கும். சீட்டு தெரியாது. அதற்குச் சோகமான வயலின் ஒன்றைச் சேர்த்து, 'மலையடிவாரத்தில் ஒரு மிருகம்' என்று தலைப்பும் போட்டு இணையத்தில் விட்டார்கள். விடிவதற்குள் முருகையன் தமிழ்நாடு முழுக்கப் பிரபலம்.

காசிம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நிருபர் மைக்கை நீட்டியபோது பக்கத்து டீக்கடையில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். அடிக்கவே இல்லை என்றால், இத்தனை நாள் உத்தரவை ஏமாற்றியதற்காக ஏட்டய்யாவின் சீட்டு கிழிந்துவிடும். காசிம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாட்டி கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டுட்டாரு சார்" என்றார். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தால் முருகையனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதைக் கையில் கொடுத்த இன்ஸ்பெக்டரே முதுகில் தட்டி, "சபாஷ்யா" என்றும் சொன்னார்.

ஊர் இன்னும் விசேஷம். அவரிடம் அடியே வாங்காதவர்களெல்லாம் வாங்கியதாகச் சொல்லிக்கொண்டார்கள். பூக்கடைக்காரர் ஒருவர் சட்டையைத் தூக்கி, அம்மைத் தழும்பைக் காட்டி, "ஏட்டு போட்டது" என்றார். காசிமுக்குப் போகிற இடமெல்லாம் ஓசி டீ கிடைத்தது. அதற்கு மரியாதையாக நொண்டி நடந்தார். காலையில் இடது கால், சாயங்காலம் வலது கால்.

இதையெல்லாம் முருகையன் துடைத்துப் போட்டிருப்பார். முடியாமல் போனது மகள் விஷயத்தில்தான். ஓவியா வேலூரில் விடுதியில் தங்கி சட்டம் படிக்கிறாள். வீடியோ வந்த அன்றிலிருந்து அப்பாவோடு பேசவில்லை. அம்மா சரசுவோடு மட்டும் பேசுவாள். சரசு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்வாள். முருகையன் பக்கத்தில் அமர்ந்து, இருமல்கூட வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு மகளின் குரலைக் கேட்பார்.

"உங்கப்பாக்கு வீட்ல ஒரு பல்லிய அடிக்கத் தெரியாதுடி."

"வீட்ல அடிக்கலன்னா வெளிலயும் அடிக்கலன்னு ஆயிடுமாம்மா?"

'அப்பா' என்ற சொல்லையே அவள் விட்டுவிட்டாள். 'அவரு' என்றுதான் சொன்னாள். விட்டுப்போன அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பெரிய உடம்பு தரையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தது.

போன வாரம் ஓவியா ஊருக்கு வந்தாள். வீட்டில் பையை வைத்துவிட்டு, ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நேரே காசிம் வீட்டுக்குப் போனாள். அடிபட்டவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமென்பது அவள் எண்ணம். காசிம் அவளைப் பார்த்ததும் எந்தக் கால் என்பது மறந்து இரண்டையும் நொண்டினார். அவர் மனைவி பிர்தௌஸுக்குப் பொறுக்கவில்லை.

"அடிபட்டவங்களப் பாக்கணும்னா இங்க வாம்மா" என்று அவளை வெளியே அழைத்துப் போய் ஆட்டோவின் பின்சீட்டைக் காட்டினார். ரெக்சின் கிழிந்து, பஞ்சு பிதுங்கி, பச்சை நூலில் ஏகப்பட்ட தையல். "எத்தினி வாட்டி தெச்சாலும் கிழிச்சிடுறாரு உங்கப்பா. ஊசியே மழுங்கிடுச்சு."

ஓவியா அந்தத் தையலைத் தடவிப் பார்த்தாள். ஆரஞ்சுப் பையை அந்தச் சீட்டின் மேலேயே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், அப்பா காதில் விழும்படி, "அடிக்கலதான், சரி. அந்தச் சத்தத்தக் கேட்டுப் பயந்தவங்கள்லாம் எங்க போய் நிப்பாங்க?" என்றாள். அந்தக் கேள்விக்கு முருகையன் எதைத் தட்டினாலும் சத்தம் வராது.

நேற்று பௌர்ணமி. சாயங்காலமே பாதை நிறைந்துவிட்டது. செங்கம் ரோட்டில் காசிமின் ஆட்டோ வழக்கப்படி உயிரை விட்டது. இன்ஸ்பெக்டர் மைக்கில், "அன்பான பக்தர்களே, பொறுமையா நடந்து போங்க" என்றார். மைக்கை அணைத்துவிட்டு முருகையனின் காதுக்கருகே குனிந்தார்.

"ஏட்டு, நாலு போடு. ஆனா சத்தம் வெளிய வரக்கூடாது. மாடில போன வச்சினு நிக்கிறானுங்க."

அடியில்லாத சத்தம் முருகையனுக்குக் கைவந்தது. சத்தமில்லாத அடியை அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. கால்கள் தாமாக ஆட்டோவுக்குப் போயின. பழக்கத்தில் இருமி, லத்தியை ஓங்கினார். முன்னால் உட்கார்ந்திருந்த காசிம், திரும்பிக்கூடப் பார்க்காமல் அலறலை ஆரம்பித்தார். முருகையன் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

பச்சைத் தையலின் மேல் ஓவியா உட்கார்ந்திருந்தாள். இறங்குவதாகத் தெரியவில்லை. அவர் முகத்தையும் ஓங்கிய கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கை மெதுவாக இறங்கியது. முருகையன் லத்தியை அவள் மடியில் வைத்தார். வண்டியின் பின்புறம் போய், இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்து, "யோவ், இன்னாய்யா பண்ற?" என்றார். வண்டி நகரவில்லை. காசிம் விக்கல் வைக்கும் இடத்துக்கு வந்திருந்தார். அலறுகிற மும்முரத்தில் கால் பிரேக்கிலேயே இருந்தது.

ஓவியா முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தட்டினாள். "போதும் பாய். பிரேக்க விடுங்க, அப்பா தள்றாரு."

அந்த 'அப்பா' முருகையனின் காதில் விழுந்தது. "க்கும்" என்று ஒரு முறை இருமினார். அதைக் கேட்டதும் காசிம் பிரேக்கை விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அலற ஆரம்பித்தார்.