மலைராஜாவிடம் மறியல்

டெல்டாவில், குத்தாலத்துக்குக் கிழக்கே ஒரு காலனித் தெருவில் போய் செவ்வந்தி வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டால் சிரிப்பார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். நாற்றங்காலில் ஆரம்பித்த பேச்சைத் தெருக்குழாயடியில் முடிப்பாள். அவள் அப்பா கூலிக்காரராக இருந்து, கொடி பிடித்து, அடிபட்டு, வழக்காடி வாங்கிய பட்டா நிலம் கொஞ்சம் உண்டு. அதில் இறங்கினால் மட்டும் அவளுக்கு நிதானம் வரும்.

அந்த நிலத்தில்தான் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, பயிருக்குள் பொக்லைனை இறக்கினார்கள். ஊர்ப் பெண்கள் ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். உட்காருவது அந்தப் பக்கத்துக்குப் புதிதா என்ன? ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் உட்காருவார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்காவிட்டால் நடுச்சாலையில் உட்காருவார்கள். பிள்ளைகள் மடியில் இருக்கும்போதே பழகிவிடும். அன்றைக்குப் பெண் போலீசார் செவ்வந்தியைக் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டுபோய் வேனில் போட்டார்கள். சோற்றுத் தூக்கோடு வரப்பில் நின்ற சின்ன மகள் அம்சம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அன்றோடு சரி. வீட்டுக்குள் அம்சம் அம்மாவின் காதோடு காதாக ஏதாவது சொல்லும். வாசலைத் தாண்டினால் வாயில் பூட்டு. பள்ளிக்கூடம் சேர்ந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. மந்திரித்துப் பார்த்தார்கள், பெரியாஸ்பத்திரியிலும் காட்டினார்கள். "நான் போயி உக்காந்ததாலதானே எம்புள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று செவ்வந்தி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். அதற்கப்புறம் எந்தப் போராட்டத்துக்கும் அவள் போகவில்லை.

அம்சத்தின் டீச்சர் ஹமீதா பானுதான் ஒருநாள் சொன்னார். "வேளாங்கண்ணி போற வழியில புதுசா ஒரு பார்க் தொறந்திருக்காங்க. அங்க ஒரு ஷோ நடக்குது. புள்ளைங்க சேந்து கத்துனாத்தான் கதையே நகருமாம். ஒருதடவ கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன்."

புருஷன் கண்ணுசாமி அன்றைக்கு மடையை விட்டு அசைய மாட்டேன் என்றான். முறைத் தண்ணீர் வருகிற நாள். செவ்வந்தி பெரியவள் எழிலியையும் சின்னவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பூங்காவிலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராட்டினத்துக்கு இழுத்தாள், பொம்மை யானையிடம் இழுத்தாள், வாங்கிய சோளப்பொரியைத் தின்ன விடாமல் அரங்குக்கு இழுத்தாள். "யம்மா, சித்த நில்லும்மா" என்று எழிலி அலுத்துக்கொண்டாள். வாசலில் காக்கி உடுப்பில் காவலுக்கு நின்ற பெண்ணைப் பார்த்ததும் அம்சம் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். செவ்வந்தி நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். அதற்குள் கூட்டம் உள்ளே தள்ளிவிட்டது.

பிள்ளைகள் மேடைக்கு முன்னால், பெற்றவர்கள் பின்னால். கதை இதுதான்: ஆற்றைப் பாறைக்குள் பூட்டி வைத்திருக்கிறான் மலைராஜா. பிள்ளைகள் கைகூப்பிக் கெஞ்சி, எல்லாருமாகக் கத்த வேண்டும். சத்தம் ஏற ஏறப் பாறையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். உச்சி விளக்கும் எரிந்துவிட்டால் தண்ணீர் கொட்டும்.

"ப்ளீஸ் ராஜா, தண்ணி விடுங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான் நிகழ்ச்சி நடத்துகிற பையன். பிள்ளைகள் கத்தின. பாதி விளக்குதான் எரிந்தது. ராஜா, "முடியாது போ" என்று தொப்பையைக் குலுக்கினான். பையன் குனிந்து, யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியாமல், மைக்கை அம்சத்தின் கையில் கொடுத்துவிட்டான்.

"கைகூப்பிக் கேளு பாப்பா."

அம்சம் கைகூப்பவில்லை. ராஜாவை ஒருதரம் முறைத்துப் பார்த்தாள். மைக்கோடு அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எழிலிக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, "தொற தொற, மதகத் தொற" என்று ஆரம்பித்தாள். சுற்றி இருந்த பிள்ளைகளும் உட்கார்ந்தன. எல்லாம் டெல்டாப் பிள்ளைகள்தானே. பின்வரிசையில் நாலைந்து தாய்மார்கள் பழக்க தோஷத்தில் பதில் கோஷம் கொடுத்தார்கள். ராஜா என்ன செய்வது என்று தெரியாமல் கிரீடத்தைச் சொறிந்தான். நடத்துகிற பையன் வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினான். காக்கிச் சட்டைக்காரி உள்ளே வந்தாள்.

செவ்வந்தி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவள் மனசில். குனிந்தாள். அம்சம் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தது. ஒன்றரை வருஷமாக எங்கும் உட்காராதவள் பொத்தென்று உட்கார்ந்தாள்.

காக்கிச் சட்டைக்காரி நல்ல மாதிரிதான். "எந்திரிங்கக்கா, அடுத்த ஷோவுக்கு ஆளுங்க நிக்கிறாங்க" என்று சொல்லி, எழுந்திருக்க ஒத்தாசையாகச் செவ்வந்தியின் தோளைப் பிடித்தாள்.

"எங்கம்மாவத் தூக்காதீங்க."

மைக்கில் வந்த குரல் கூரையில் போய் இடித்தது. அது அன்றைக்கு வரப்பில் வராமல் போன சத்தம். "எங்கம்மாவத் தூக்காதீங்க, விடுங்க, எங்கம்மாவ விடுங்க." உச்சி விளக்கு எரிந்துவிட்டது. பாறை திறந்து, முன்னால் இருந்த அத்தனை பேர் தலையிலும் தண்ணீர் கொட்டியது. காக்கிச் சட்டைக்காரி கையை எடுத்துவிட்டு, "தூக்கலடா தங்கம், தூக்கல" என்று நனைந்தபடியே மண்டி போட்டாள். செவ்வந்தி மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

திரும்பி வந்த பேருந்தில் அம்சம் ஓயவே இல்லை. ராஜாவின் தொப்பை பொய்த்தொப்பை என்றது, அப்பாவையும் கூட்டி வந்திருக்கலாம் என்றது, சோளப்பொரி மிச்சம் எங்கே என்று கேட்டது. செவ்வந்தி ஈரச் சேலையோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

முன் இருக்கைக்காரர் தூக்கம் கெட்டுத் திரும்பினார். "ஏம்மா, பாப்பா வாயே மூடாதா?"

"மூடாதுங்க" என்றாள் செவ்வந்தி.