நான் எண்ணிய நூறு வெள்ளையணுக்கள்

மகளின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் கவரிலேயே, பஞ்சு சுற்றிய கண்ணாடி ஸ்லைடு ஒன்றும் என் பீரோவில் இருக்கிறது. ஆறு வயதில் அவளிடமிருந்து எடுத்த ஒரு சொட்டு ரத்தம் அதில் சாயமேறி ஊதாவாகக் காய்ந்திருக்கிறது. அதைப் பார்த்தால் மகளுக்கு முன்னால் நினைவுக்கு வருபவள் என்னோடு வேலை பார்த்த லால்குடிக்காரிதான். உடனே வயிறும் எரியும். பொய் சொல்வானேன்?

புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் சீனியர். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள், லால்குடி பஸ்ஸில் வந்து இறங்கி மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைத்திருப்பாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வெள்ளையணுக்களை வகை பிரித்து நூறு வரை எண்ணுவது எங்கள் வேலை. நான் எண்ணுவேன்; அவள் பார்ப்பாள். டாக்டர்கள் போன் செய்து, "அந்த லால்குடிப் பொண்ணு பாத்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதினைந்து வருடம் அங்கே குப்பை கொட்டியவள் நான். யாருக்குத்தான் பொறுக்கும்?

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டு ஆளின் ஸ்லைடை நாமே எண்ணக்கூடாது; அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மெஷினில் மொத்த எண்ணிக்கை சரியாகவே வந்தது. ஸ்லைடை லால்குடிக்காரியிடம் நீட்ட மனம் வரவில்லை. என் பிள்ளைக்கும் இவள்தான் வந்து சொல்ல வேண்டுமா? நானே உட்கார்ந்து எண்ணினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. வைரல் காய்ச்சல்தான் என்று கணவருக்குப் போனில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அவள் என் நாற்காலியில், அந்த ஸ்லைடின் மேல் குனிந்திருக்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"அப்புறமா திட்டுங்கக்கா. முதல்ல இதப் பாருங்க."

பார்த்தேன். உடம்புக்குள் கிருமி நுழைந்தால், அதைத் தொட்டறியும் செல்கள் சேதி அனுப்பும். சேதி எட்டியதும் எலும்பு மஜ்ஜை தன் இருப்பை வெளியே விடும். அதுவும் போதாதபோது முதிராதவையும் கிளம்பி வந்துவிடும். முதிர்ந்த செல்லின் உட்கரு துண்டு துண்டாக இருக்கும். இளசுக்கு லாடம் மாதிரி வளைந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம். அத்தனை லாடங்களையும் முதிர்ந்தவை என்று எண்ணித் தள்ளியிருந்தேன்.

"குட்டிங்கள்லாம் வந்திருச்சுக்கா. இது வைரல் இல்ல. பாப்பாவ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதி, கையெழுத்துக்கு என்னிடமே நீட்டினாள். போட்டேன். கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. "நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க" என்றார் கையெழுத்தைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர். நான் மறுக்கவில்லை. பிள்ளை பிழைத்த சந்தோஷத்திலும் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது, சே!

பிறகு அவள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். போன வாரம் விடுமுறையில் வந்தவள் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்துக்கொண்டே, இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் அவளிடமே சொன்னாள்: "எங்கம்மா அன்னைக்குக் கண்டுபிடிக்கலன்னா நான் இல்லங்க."

லால்குடிக்காரி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆமா பாப்பா, அக்கா பாத்தா தப்பவே தப்பாது" என்றாள்.

எப்படி முடிகிறது இவளுக்கு? அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவள் பஸ் ஏறிப் போனதும் பீரோவைத் திறந்தேன். பஞ்சைப் பிரித்து, ஸ்லைடை மகளின் உள்ளங்கையில் வைத்தேன்.

"உக்காரு. இதை யாரு பாத்தாங்கன்னு சொல்றேன்."