தம்பி வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

என் தம்பி விமானி. பெரிய கம்பெனியில் பெரிய விமானங்களை ஓட்டுகிறான். சின்ன வயதிலிருந்தே அவனிடம் ஒன்றைச் சொன்னால் அது வெளியே வராது. என் மகள் அவனைப் 'பூட்டு மாமா' என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் குணத்துக்காகவே விமானிகள் சங்கம் அவனைக் கம்பெனியோடு பேசும் குழுவில் உட்கார வைத்தது.

சண்டை இதுதான். கம்பெனி, கிட்டத்து ஊர்களுக்குப் போகும் ரூட்டுகளை ஒரு சின்னக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டிருந்தது. விமானத்துக்கு வெளியே அதே வண்ணம், அதே பெயர். ஓட்டுகிறவருக்கு மட்டும் பாதிச் சம்பளம். இப்படியே விட்டால் நாளைக்கு எல்லா ரூட்டும் அங்கே போய்விடும், இதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று சங்கம் பிடிவாதமாக நின்றது. நியாயம்தான். ஆனால் அந்தச் சின்னக் கம்பெனியில்தான் என் மருமகன் விமானி. ஆண்டவன் இரண்டு பேரையும் ஒரே மேசையில் சாப்பிட வைத்திருந்தான்.

பேசி முடித்து வாக்கெடுப்புக்கு வரும்வரை, குழுவில் இருப்பவர்கள் உள்ளே நடந்ததைப் பற்றி மூச்சு விடக்கூடாது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மருமகனுக்கு அப்போது ஒரு சரக்கு விமானக் கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. தூர ஊர். மறுநாளே பதில் சொல்ல வேண்டும். மகளோ மாசமாக இருந்தாள். கை கழுவும் இடத்தில் மருமகன் மெதுவாகக் கேட்டார்.

"மாமா, உள்ள என்ன பேசுறீங்கன்னு நான் கேக்கல. நான் இருக்கவா, போகவா? அத மட்டும் சொல்லுங்க."

தம்பி துண்டில் கையைத் துடைத்தான். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "அதுக்கு நான் பதில் சொல்லக்கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

கெட்ட செய்தியாக இருந்தால் தாய்மாமன் ஒரு சாடையாவது காட்டியிருப்பார் என்று மகளும் மருமகனும் கணக்குப் போட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மருமகன் சரக்குக் கம்பெனி வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

சங்கமும் கம்பெனியும் பேசி முடித்த ஒப்பந்தம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சின்னக் கம்பெனியின் ரூட்டுகளில் பாதி பெரிய கம்பெனிக்கே திரும்பிப் போயிற்று. கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் வேலையை விட்டு அனுப்பினார்கள்; மருமகனும் அதில் ஒருவர். சரக்குக் கம்பெனியில் அதற்குள் வேறு ஆள் சேர்ந்துவிட்டான்.

சங்கத்தில் எல்லோரும் கொண்டாடிய அன்று தம்பி அங்கே போகாமல் எங்கள் வாசலில் வந்து நின்றான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டார். திரும்பி வந்த ரூட்டுகளுக்குப் பெரிய கம்பெனியில் புது ஆள் எடுப்பார்களாமே, மனு போடட்டுமா என்று கேட்டார்.

"போடு" என்றான் தம்பி. "ஆள் எடுக்குற இடத்துல சங்கத்து சார்பா நான்தான் உக்காந்திருப்பேன். உன் பேரு வந்தா, சொந்தம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிடணும். உனக்காக ஒரு வார்த்தகூடப் பேச முடியாது."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க எங்களுக்கு யாரோவா இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும் மாமா" என்றாள்.

மருமகன் மனு போட்டிருக்கிறார். தம்பி செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் வீட்டார் எல்லோருக்காகவும் தினமும் செய்யும் பிரார்த்தனையில் அவன் பெயர் வரும்போது என் நாக்கு கொஞ்சம் தயங்குகிறது.