மாட்டுக் கொட்டிலில் ஒரு வேண்டுதல்

போன மாதம் என் இரண்டு உள்ளங்கால்களும் வெந்துபோயின. காரணம்... பக்தி. என்னுடையது அல்ல, என் மனைவி கமலாவுடையது!

யாங்கூனிலிருந்து ப்யே பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் வயல்களுக்கு நடுவே ஒரு கம்பி வேலி. உள்ளே இடுப்பளவுக்குச் செங்கல் சுவர்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பர்மிய மொழியில் போர்டு. ரோமாபுரியில் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்துக் கட்டடமாம்.

காரை நிறுத்தச் சொல்லி இறங்கிய கமலா, முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றினாள்.

“பழய பயாங்க. செருப்போட போவலாமா?”

இந்த நாட்டில் பழைய செங்கல்லைக் கண்டாலே நம்மவர்களுக்குச் செருப்பு தானாகக் கழன்றுவிடும். பயா என்கிற புத்தர் கோயிலோ, நம் கோயிலோ — கும்பிட்டுவைத்தால் நஷ்டமா என்ன? நானும் கழற்றினேன். உச்சி வெயில். அவள் நிதானமாக வலம் வந்தாள். நான் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீராகத் துள்ளினேன்.

எங்கள் மகள் செல்விக்கு வரன் அமையாத கவலையில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியே வெகுநாளாகியிருந்தது. யாங்கூனில் தாமுவே பகுதியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பதிலே சொல்லவில்லை. கமலா ஒரு சுவர் மூலையில் விழுந்து கும்பிட்டாள்.

“அவங்க சரின்னுட்டா, இங்கயே வந்து பொங்க வைக்கிறேன் சாமி!”

காவல்காரர் கோ மின் என்னைத் தனியே அழைத்து, பர்மிய மொழியில் கிசுகிசுத்தார். “சயா, இது பயா இல்ல, பண்ணை வீடு. அம்மா கும்பிடறது மாட்டுக் கொட்டில்!” சிரிப்பை அடக்க வெற்றிலையை வேகமாக மென்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறவளிடம் அதைச் சொல்ல முடியுமா?

அன்று மாலையே போன் வந்தது. சம்மதம்!

அப்புறம் கமலாவின் வாயை யார் கட்டுவது? தாமுவே, தின்கன்ஜூன், லான்மடாவ்... கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடெல்லாம் சேதி போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பானையோடு போனோம். வேலிக்குள் நெருப்பு மூட்டக் கூடாதாம். சாலையோரம் அடுப்பு வைக்கலாமென்று பார்த்தால், அங்கே ஏற்கெனவே வரிசையாகப் பானைகள். பக்கத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அத்தனையும் நம் யாங்கூன் ஜனங்கள்!

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை பேரை ஏமாற்றலாமா? கோ மின்னிடம் போனேன்.

“மன்னிச்சுக்குங்க. இது மாட்டுக் கொட்டில்தான்னு எல்லார்கிட்டயும் இப்பவே சொல்லிடறேன்.”

மனிதர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, சொல்லிடாதீங்க சயா!”

அப்போதுதான் கவனித்தேன். கொதிக்கிற வெயிலில் அவர் காலிலும் செருப்பு இல்லை.

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.”