நடு அடுக்கில் ரோஸ் கோன்கள்

ஆயுத பூஜையன்று மட்டும் எங்களூர் மில்லுக்குள் பிள்ளைகளை விடுவார்கள். அம்மாவுக்கு அங்கே பேக்கிங்கில் வேலை. இரண்டாம் வகுப்பில் இருந்த எனக்கோ, மில்லே அம்மாவுடையதுதான் என்று நினைப்பு.

அம்மாவின் இடத்தில் இரண்டு மூட்டைகள் வாய் திறந்து நின்றன. உள்ளே நூல் சுற்றிய கோன்கள் அடுக்கடுக்காக இருந்தன, ஒன்றில் பச்சை நுனி, மற்றதில் ரோஸ் நுனி. நூல் எல்லாம் ஒரே வெள்ளைதான். கோனின் நுனி பச்சை என்றால் நாற்பதாம் நம்பர் நூல், ரோஸ் என்றால் அதைவிட மெலிசான அறுபது. அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என் காதில் ஏறினால்தானே.

அம்மா பொரி வாங்கப் போனாள். மூட்டையைப் பிரிக்கிறவர்கள் பாவம், பச்சையையே பார்த்து அலுத்துப்போவார்களே என்று எனக்குத் தோன்றிவிட்டது. மேலடுக்கை எடுத்து வைத்துவிட்டு, அதற்கடுத்த அடுக்கை இந்த மூட்டைக்கும் அந்த மூட்டைக்கும் மாற்றிப் போட்டு, பழையபடி மூடினேன். அம்மா வந்து எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. தன் டோக்கன் நம்பர் எழுதிய சீட்டை உள்ளே வைத்து இரண்டையும் தைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்துவிட்டார். பல்லடத்தில் தறிக்காரர் கவனிக்காமல் இரண்டு நூலையும் கலந்து தறியில் ஏற்றி, துணியெல்லாம் பட்டை பட்டையாக விழுந்துவிட்டதாம்.

"ஏனுங்க அம்மணி, சீட்டு உங்களுதுதான். ஆனா நடுவுல ஒரு அடுக்கு மட்டும் எப்படீங்க மாறும்? வேற யாராச்சும் பண்ணிப்போட்டாங்களா? சொல்லுங்க, உங்க வேலைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்."

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ற தப்புத்தானுங்க. பேச்சு மும்முரத்துல மாத்தி அடுக்கிப்போட்டேன்."

"பேக்கிங்குல வெச்சுக்க மாட்டாங்களே அம்மணி."

"தெரியுமுங்க."

அப்பாடா, தான்தான் செய்ததாக அம்மாவே நம்பிவிட்டாள் என்று எனக்கு நிம்மதி. எவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன்.

அம்மாவைக் கழிவுப் பஞ்சு பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். முடி, புருவமெல்லாம் பஞ்சோடு, இருமிக்கொண்டே வருவாள். நான் ஓடிப்போய் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து, பொம்மைக்குத் தலையணை செய்தேன்.

"இந்த வேலைதாம்மா நல்லா இருக்குது. இதுலயே இரு" என்றேன்.

"சரி கண்ணு" என்று, எனக்கு எட்டும்படி தலையைக் குனிந்து காட்டினாள்.