சேஷன் படித்த துருக்கி

ஸ்ரீவராகத்துச் சேஷன் அறுபது வயதில் துருக்கி பாஷை படித்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். செக்ரட்டேரியட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு சொல்லைப் பிடித்தால் உடும்புப் பிடி. தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் படித்தது ஜம்பத்துக்கு இல்லை. பெற்ற மனம் பித்து, அவ்வளவுதான்.

ஒரே பிள்ளை பிச்சுமணி. சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் சயரோகத்தோடு இஸ்தான்புல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். 'டிஸ்சார்ஜ் ஆனதும் அனுப்பி வைக்கிறோம்' என்று கம்பெனி இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டதோடு சரி. பிறகு வந்ததெல்லாம் துருக்கிக் கடிதங்கள். எழுதத் தெம்பில்லாத பிள்ளை, படுக்கையில் பழகிய அந்தப் பாஷையில் சொல்லச் சொல்ல ஒரு நர்ஸ் எழுதுவாள்.

சேஷன் பம்பாயிலிருந்து அகராதி வரவழைத்தார். முதலில் புரட்டிப் பார்த்தது அந்த டிஸ்சார்ஜைத்தான். ஒரு வார்த்தைக்கு எத்தனை பிள்ளைகள்! சரக்கை இறக்கினால் 'போஷால்ட்மா', சிப்பாயை வீட்டுக்கு அனுப்பினால் 'தெர்ஹிஸ்', கைதியை விட்டால் 'தாஹ்லியே'. நோயாளியை விட்டால் 'தபூர்ஜு'. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கடைசிச் சொல்லுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடிட்டார். கடிதம் வரும்போதெல்லாம் அதைத்தான் தேடுவார். இருக்காது.

மறு வருஷம், பூஜை வைக்கிற நாள். வீட்டிலுள்ள புஸ்தகம், பேனா, அகராதி, நோட்டு எல்லாம் சரஸ்வதி படத்தின் முன் பட்டுத்துணியில் ஏறியாயிற்று. இனி விஜயதசமி காலைவரை யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அப்போதுதான் தபால்காரர் வந்தார். உறையைப் பிரித்ததுமே பழகிய கண் தானாகப் போய் விழுந்தது. தபூர்ஜு.

"மங்கலம்! பிள்ளையை விட்டுட்டாடீ!"

மனைவி மங்கலம் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "மிச்சத்தையும் பாருங்கோளேன். எப்போ வரான்னு போட்டிருப்பான்."

"நோட்டு இல்லாமே எப்படிடி? பூஜை வச்சாச்சு, எடுக்கப்படாது. நல்ல சேதியை அவளே கொண்டு வந்திருக்கா. ரெண்டு ராத்திரிதானே, அவ காலடியிலேயே இருக்கட்டும்."

கடிதமும் பட்டுத்துணியில் ஏறியது. மறுநாள் நவமிக்கு மங்கலம் பாயசம் வைத்தாள். சேஷன் இரண்டு கிண்ணம் குடித்தார். பாவி மனுஷன், அதை நினைத்துப் பின்னால் எத்தனை நாள் சோற்றைத் தள்ளினார்!

விஜயதசமி காலையில் நோட்டைப் பிரித்துவைத்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தார். 'அப்பா, என்னை விட்டுவிட்டார்கள். குணமாகி இல்லை. ஊரைப் பார்க்கட்டும் என்றுதான். கப்பல் வெள்ளிக்கிழமை கொச்சிக்கு வரும். என்னால் நடக்க முடியாது. துறையில் வந்து நில்லுங்கோ.'

வெள்ளிக்கிழமை நேற்று.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினார். கொச்சித் துறைமுகத்தில் விசாரித்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. பிச்சுமணி நேற்றுப் பகலெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்து, இன்று விடியுமுன் போய்விட்டான். "அச்சன் வரும், அச்சனுக்கு துருக்கி அறியாம் என்னு பறஞ்சுகொண்டே இருந்நு" என்றாள் அங்கிருந்த நர்ஸ். அப்பா வருவார், அப்பாவுக்குத் துருக்கி தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

அதற்குப் பிறகு சேஷன் அகராதியைத் தொடவில்லை. ஆனால் வருஷா வருஷம் நவமியன்று, தெருவே புஸ்தகத்தை மூடி வைத்திருக்கும்போது, அவர் ஒருவர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை உரக்கப் படிப்பார். மங்கலம் தடுப்பதில்லை. 'துறையில் வந்து நில்லுங்கோ' என்ற இடம் வந்ததும் எழுந்து நின்றுகொள்வார்.